தியேட்டர்ல இருக்கா மேடம்

தஞ்சாவூரில் நான் பிரசவ மருத்துவ மேற்படிப்பு படித்தபோது எங்கள் பேட்சுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாராவது வேலைக்கு வராவிட்டால் காட்டிக்கொடுக்கக் கூடாது. எங்கள் யூனிட் தலைவியான மேடம் வார்டுக்கு வந்து "எங்க அவ?" என்று கேட்டால், "தியேட்டர்ல இருக்கா மேடம்" என்று சொல்ல வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் கேட்டால், "வார்டுல இருக்கா மேடம்." மேடத்தால் ஒரே சமயத்தில் இரண்டு இடத்திலும் நிற்க முடியாது என்பதுதான் எங்கள் தைரியம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மற்றவர்களுக்காக இந்தப் பொய்யை நான் சொன்ன அளவுக்கு வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதல் வருடம், குறுவை நடவு நேரம். ஒரு மதியம், பிரசவம் முடிந்த ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. மேடம் உட்பட எல்லோரும் கூடிச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். அவள் கணவர் வயலிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார், காலில் சேறு காய்ந்திருந்தது. வாசலில் என்னை நிறுத்தி, "சரியாயிடுமாங்க?" என்று கேட்டார். "ஆயிடும்ங்க, பயப்படாதீங்க" என்றேன். சாயங்காலத்துக்குள் அவள் போய்விட்டாள். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஹாஸ்டலை விட்டு இறங்கினேன், கால் வார்டுப் பக்கம் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் புறப்படத் தயாராக நின்ற பஸ்ஸில் ஏறினேன். அது வேளாங்கண்ணி பஸ். தொழுகையையே ஒழுங்காகத் தொழாதவளுக்கு மாதா கோயிலில் என்ன வேலை என்று அம்மா கேட்டிருப்பாள். நான் கோயிலுக்குள் போகவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு கடற்கரை மணலில் உட்கார்ந்தேன்.

மனதுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது கூப்பிட்டு "எங்க இருக்க?" என்று கேட்டால், அழுது தீர்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவது. யாருமே கேட்காவிட்டால் படிப்பை விட்டுவிடுவது. சின்னப்பிள்ளைத்தனம்தான். ஆனால் அன்று எனக்கு வேறு பிடிமானம் இல்லை.

போன் ஒரே ஒரு முறை அடித்தது. பதறி எடுத்தேன். லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். பிறகு கூடப் படித்த தோழியிடமிருந்து ஒரு மெசேஜ்: 'சமாளிச்சுட்டேன். நிம்மதியா தூங்குடி.' நான் ஹாஸ்டலில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பதாக நினைத்துவிட்டாள். சுண்டல் விற்றவர்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டு "என்னம்மா ஆச்சு?" என்றார். நான் தோழிக்குப் பதில் போட்டிருக்கலாம். கேட்காதவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வரவில்லை.

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டேன். மறுநாளும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, நான்தான் நாள் முழுக்கத் தியேட்டரில் இருந்தேனே! அந்த வாரமே படிப்பை விட்டேன். இப்போது மன்னார்குடிப் பக்கம் சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். காய்ச்சல், சளி, சுகர். கர்ப்பிணிகள் வந்தால் வேறு டாக்டரிடம் அனுப்பிவிடுவேன்.

போன மாதம் அந்தத் தோழி புது வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாள். சாப்பிடும்போது தன் கணவரிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

"இவ ஒருநாள் மட்டம் போட்டாங்க. ஒருத்தருக்கும் தெரியாம நான்தான் காப்பாத்தினேன். மேடம் விடவே இல்ல. 'நேத்து அந்தக் கேஸுக்கு அப்புறம் அவ முகமே சரியில்ல, நானே கூப்பிட்டுப் பேசறேன்'னு போனைக் கையில எடுத்துட்டாங்க. 'தியேட்டர்ல இருக்கா மேடம், இப்ப போன் எடுக்க முடியாது'ன்னு சொல்லித் தடுத்துட்டேன்ல!"

அவர் சிரித்தார். அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். நான் எங்கே உட்கார்ந்து எதற்காகக் காத்திருந்தேன் என்று இத்தனை வருடம் கழித்து அவளிடம் எப்படிச் சொல்வது?

"என்னடி, தட்டு காலியா இருக்கு? இன்னும் கொஞ்சம் பிரியாணி வைக்கவா?" என்றாள்.

"வை" என்றேன்.