தலையாட்டியது சம்மதம் அல்ல

அமெரிக்காவின் பூர்வகுடிகளான செரோக்கி என்ற சனங்களைப் பற்றி நான் முதலில் அறிந்தது டென்மார்க்கில், ஒரு பெப்ரவரி மாதக் காலையில், அகதிகளுக்கான டேனிஷ் வகுப்பில். இன்று நினைத்தாலும் கோபம்தான் வருகிறது. எங்கோ ஒரு கண்டத்தில் யாரோ ஒரு சனத்துக்கு நூற்றைம்பது வருடங்களுக்கும் மேலே முன் நடந்ததற்கு நீங்கள் ஏன் துள்ளுகிறீர்கள் என்று என் மனைவி கேட்பாள். நான் துள்ளுவது அவர்களுக்காக மட்டும் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

அப்போது நானும் மன்னாரைச் சேர்ந்த ஓர் அண்ணையும் யூட்லாந்தில் ஒரு சிறிய நகரத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். நகரத்தின் பெயர் வேண்டாம். நான் தனிக்கட்டை. ஒரு சைக்கிளையும் ஒரு குளிர் ஜாக்கெட்டையும் விட்டால் எனக்குக் கவலைப்பட எதுவும் இல்லை. அண்ணைக்கு ஊரில் மனைவி, ஒரு மகள், அவர் புறப்பட்டபோது தவழத் தொடங்கியிருந்த ஒரு மகன். அண்ணையை அகதியாக அந்த நாடு ஏற்றுக்கொண்டுவிட்டது. அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டவர் மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிடலாம் என்று சட்டம் சொன்னது. அது சலுகையும் இல்லை, இரக்கமும் இல்லை, உரிமை. அண்ணை விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார்.

ஃப்ரெடெரிசியா நகரத்தில் இருந்த அவருடைய மச்சான் ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுத்து, ஏஜென்சிக்காரனைப் பிடித்துக் குடும்பத்தைக் கூப்பிடச் சொல்லி அரியண்டம் கொடுப்பார். அண்ணை அசையமாட்டார். "சட்டம் இருக்கிற நாட்டில நான் ஏன் களவாய்க் கூப்பிடுவான்?" என்பார். பழைய சாமான் சந்தையில் சிறுபிள்ளைக்கான மரக்கட்டில் ஒன்று வாங்கி, அதைத் தன் அறையில் பொருத்தி வைத்திருந்தார். மாதங்கள் போகப்போக நாங்கள் அதன் கம்பிகளில் காலுறை காயப்போடத் தொடங்கினோம்.

ஒருநாள் அவரை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். இந்திய இராணுவம் எங்கள் ஊர்களில் வந்திறங்கியிருந்த காலம் அது. சமாதானம் வந்துவிட்டது என்று இங்குள்ள ரீவி சொல்லிக்கொண்டிருந்தது. அண்ணை உள்ளே போக, நான் வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். திரும்பி வந்தவரின் முகத்தில் வெளிச்சம். அதிகாரி நல்ல மனிதன், குடிக்கக் கோப்பி தந்தவன், நெடுநேரம் ஆறுதலாகக் கதைத்தவன் என்றார். இனி அலுவல் நடக்கும் என்று நம்பினோம். அன்று கோழி வாங்கிச் சமைத்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் சமாதானமும் நிலைக்கவில்லை. வந்திறங்கிய இராணுவத்தோடேயே சண்டை மூண்டது. குளிர்காலம் வந்த பிறகு இரண்டு பேரும் போய்க் கேட்டோம். இந்த முறை நானும் உள்ளே போனேன். அதே அதிகாரி. அமைச்சிலிருந்து பதில் எதுவும் வரவில்லை என்றார். வரிசையில் இருக்கிறது என்றார். பிறகு மிக இயல்பாக ஒரு வசனம் சொன்னார். உங்கள் நாட்டில் நிலைமை அமைதியாகிவிட்டது என்று போன முறை நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்தானே, அப்படியானால் அவர்கள் இங்கே வருவதைவிட நீங்கள் அங்கே போவதைப் பற்றி யோசிக்கலாமே என்றார்.

வெளியே வந்ததும் அண்ணையைப் பிடித்து உலுக்கினேன். அவனிடம் என்ன சொன்னீர்கள், அமைதி வந்துவிட்டது என்று எந்த வாயால் சொன்னீர்கள் என்று கத்தினேன்.

"நான் ஒண்டும் சொல்லேல்லைத் தம்பி," என்றார். "அவர் கதைக்கக் கதைக்க நான் கேட்டுக்கொண்டு இருந்தன்."

எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அந்த நேரத்தில்தான் கண்டேன். நான் கத்திக்கொண்டிருந்தேன், அவர் என் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். ம், ம் என்று வாய் மூடிய ஒரு முனகலும் கூடவே.

எங்கள் ஆட்கள் அப்படித்தான் கேட்பார்கள். பாதர் கதைத்தாலும் டொக்டர் கதைத்தாலும் பெரியவர் யார் கதைத்தாலும் தலையாட்டவேண்டும். மரம் மாதிரி இருந்தால் அது மரியாதைக் குறைவு. நீங்கள் சொல்வது காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்பதற்கு மேல் அந்த ஆட்டலுக்கு ஒரு பொருளும் இல்லை. அண்ணையின் எதிரே இருந்தவர் சமாதானம் வந்துவிட்டது என்றார், அண்ணை தலையாட்டினார். பயமில்லை என்றார், தலையாட்டினார். திரும்பிப் போகலாம் என்றார், அதற்கும் ஆட்டியிருப்பார். பக்கத்தில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேறு இருந்திருக்கிறார். அவருக்கு இந்தப் பழக்கம் தெரியாதா? தெரியும். ஆனால் அவருக்குக் கூலி வாயை மொழிபெயர்ப்பதற்கு, தலையை மொழிபெயர்ப்பதற்கு இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெப்ரவரிக் காலை. டென்மார்க்கில் அந்த மாதம் பிள்ளைகள் வேடம் போட்டுக்கொண்டு பீப்பாவைத் தடியால் அடித்து உடைக்கும் கொண்டாட்டம் ஒன்று உண்டு. எங்கள் வகுப்புக்குக் கீழேயிருந்த முற்றத்தில் தலையில் இறகும் கன்னத்தில் சிவப்பு மையுமாக வெள்ளைக்காரக் குஞ்சுகள் கூவிக்கொண்டு ஓடின. அது செவ்விந்தியர் வேடம் என்றார் எங்கள் ஆசிரியை. நல்ல பெண், எங்கள் உச்சரிப்பைக் கேட்டு ஒருநாளும் சிரிக்காதவர். இறகு வேடம் மட்டும் தெரிந்தால் போதாது என்று சொல்லி, அன்று இலகுவான டேனிஷில் செரோக்கிகளின் கதையைச் சொன்னார்.

அவர்கள் காட்டில் அலைந்த கூட்டம் இல்லை. வயலும் வீடும் வைத்திருந்தார்கள். தங்கள் மொழிக்கு எழுத்து வைத்திருந்தார்கள், அந்த எழுத்தில் பத்திரிகை அச்சடித்தார்கள், தங்களுக்கென்று சட்டம் எழுதினார்கள். அவர்களுடைய நிலத்தில் பொன் இருந்தது, பருத்தி விளையும் மண் இருந்தது. அதனால் நிலம் வெள்ளைக்காரருக்கு வேண்டியிருந்தது. செரோக்கிகள் வில்லைத் தூக்கவில்லை, கோட்டுக்குப் போனார்கள். நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று தீர்ப்புச் சொன்னது. ஜனாதிபதி அந்தத் தீர்ப்பைக் கணக்கில் எடுக்கவே இல்லை. பிறகு, அந்த மக்கள் அதிகாரம் கொடுக்காத ஒரு சிறு கூட்டத்தைப் பிடித்து நிலத்தைத் தருகிறோம் என்று கையெழுத்து வாங்கினார்கள். இது எங்கள் சம்மதம் இல்லை என்று ஆயிரமாயிரம் பேர் முறையிட்டும் கேட்கவில்லை. சம்மதம் கிடைத்துவிட்டது என்றார்கள். துவக்கு முனையில் கத்தி பூட்டிய படை வந்தது. சாப்பாட்டில் இருந்தவர்களை அப்படியே எழுப்பி அடைப்புகளுக்குள் தள்ளினார்கள். அவர்கள் தெருவைக் கடக்கும் முன்னரே வெள்ளைக்காரர் அவர்களுடைய வீட்டுக்குள் புகுந்து மாட்டையும் சட்டிபானையையும் எடுத்தார்கள். பிறகு மேற்கே, குளிரில், நடை. ஆயிரக்கணக்கில் செத்தார்கள், அதிகம் செத்தது குழந்தைகளும் வயதானவர்களும்.

வகுப்பில் வாயே திறக்காத அண்ணை கையை உயர்த்தினார். உடைந்த டேனிஷில், கோட் சொன்ன பிறகும் செய்யலாமா என்று கேட்டார். செய்யக்கூடாது, ஆனால் செய்தார்கள் என்றார் ஆசிரியை. அப்போது யார் தடுத்தது என்று அண்ணை கேட்டார். ஒருவரும் இல்லை என்றார் ஆசிரியை.

என்னால் இருக்க முடியவில்லை. எழுந்து, இங்கேயும் சட்டம் எங்கள் பக்கம்தான், ஆனால் எங்கள் பெண்டு பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். என் டேனிஷ் எவ்வளவு கேவலமாக இருந்தாலும் கேள்வி அவருக்கு விளங்கியது. முகம் சிவந்துவிட்டது. அது அமெரிக்கா, அது பழைய காலம், இது சட்டத்தின்படி நடக்கும் நாடு, தாமதம் வேறு அநியாயம் வேறு என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படியே நம்பியிருந்தார். கீழே முற்றத்தில் பீப்பா உடைந்து பிள்ளைகள் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு நடந்தோம். அண்ணை பாலத்தடியில் நின்றார்.

"ஆரோ நாலு பேர் தலையாட்டிப் போட்டினம் தம்பி," என்றார். "அவைக்கு அது காணுமாம்."

அன்று தொடங்கியது அவருடைய பயிற்சி. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு என்னைக் கதைக்கச் சொல்லுவார். நான் காற்பந்து, மழை, மரக்கறி விலை என்று வாயில் வந்ததைக் கதைப்பேன். அவர் தலையை ஆட்டாமல் கேட்கவேண்டும். முதல் கிழமை முழுக்கத் தோல்விதான். தாடையைக் கையால் பிடித்துக்கொண்டால் தோள் ஆடும். கழுத்துப் பட்டி கட்டுவோமா அண்ணை என்று பகிடி விட்டேன். அவருக்கும் சிரிப்பு வரும், சிரிக்கும்போது தலை ஆடும், திரும்ப முதலிலிருந்து தொடங்குவோம். இப்போது அதை நினைக்கச் சிரிப்பு வரவில்லை. தன் பிள்ளைகளைக் கூப்பிடுவதற்காக ஒரு மனிதன் தான் பிறந்து வளர்ந்த மரியாதையை உடம்பிலிருந்து உரித்தெடுத்துக்கொண்டிருந்தான்.

வசந்தத்தில் மறுபடி போனோம். அதிகாரி வழக்கம்போல ஆறுதலாகக் கதைத்தார். அண்ணை கல்லுப்போல இருந்தார். கொஞ்ச நேரத்தில் அதிகாரிக்கே அந்தரமாகிவிட்டது. நான் சொல்வது விளங்குகிறதா என்று கேட்டார். அண்ணை பாடமாக்கி வைத்திருந்ததை டேனிஷில் சொன்னார்: "நான் கேட்கிறேன். சம்மதிக்கவில்லை." வெளியே வந்தபோது அவருடைய சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வென்றுவிட்டோம் என்று எனக்கு ஒரு மடத்தனமான சந்தோசம்.

அண்ணை தலையாட்டினாலும் ஒன்றுதான், ஆட்டாவிட்டாலும் ஒன்றுதான் என்று பின்னால்தான் தெரிந்தது. எங்கள் ஆட்களின் குடும்ப விண்ணப்பங்களைத் தொடாமல் கிடக்கவிடுங்கள் என்று மேலே, அமைச்சருடைய மேசையில், முடிவாகியிருந்தது. சட்டத்தை மாற்றவில்லை. மாற்றினால் பாராளுமன்றத்தில் வெளிச்சத்துக்கு வருமல்லவா? சட்டத்தை அப்படியே அலுமாரியில் அழகாக வைத்துவிட்டு, அதன் மேலேயே குந்தியிருந்தார்கள். செரோக்கிகளைத் துவக்கு முனையில் நடக்க வைத்தார்கள். எங்கள் சனத்தை நகரவிடாமல் வைத்தார்கள். கோப்பியும் தந்தார்கள்.

அந்த ஆடியில் அண்ணையின் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. ஊரடங்கு, தெருவில் இராணுவம், ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், கடையொன்றிலிருந்து ரெலிபோன் எடுத்தபோது பிள்ளையை அடக்கம் செய்து முடிந்திருந்தது. அண்ணை ரெலிபோனைக் காதில் வைத்தபடி கடைசிவரை கேட்டார். பிறகு போய்க் கட்டிலில் காய்ந்துகொண்டிருந்த என் காலுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து என் கையில் தந்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பிந்தி ஒருநாள், கேள்விகள் எழும்பி, பத்திரிகைகள் தோண்டத் தொடங்க, பூட்டு திறந்தது. குடும்பங்கள் வந்தன. விசாரணை வைத்தார்கள், அரசாங்கமே கவிழ்ந்தது. டேனிஷ்காரர்கள் இன்றும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள், பாருங்கள், எங்கள் நாட்டில் அமைச்சரும் தப்பமுடியாது என்று. சரி. ஆனால் அந்த விவகாரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் தமிழர் வழக்கு. செய்தவர்களின் பெயர் அதில் இல்லை. செரோக்கிகளை நடத்திச் சென்ற வழிக்கும் கண்ணீர்ப் பாதை என்று அழுதவர்களை வைத்துத்தான் பெயர். துரத்திய குற்றத்தை வைத்து ஒரு தெருவுக்காவது அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்களா என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

எனக்கு அந்த வழக்கு என்றால் அரசாங்கம் கவிழ்ந்தது நினைவுக்கு வருவதில்லை. அக்காவும் மகளும் வந்திறங்கிய நாள்தான் வருகிறது. நான் சோறும் மீன்குழம்பும் ஆக்கி வைத்திருந்தேன். மரக்கட்டிலை அண்ணை ஏற்கெனவே கழற்றிக் கீழறையில் போட்டுவிட்டார். சாப்பிட்டு முடிந்ததும் மகள் தகப்பனுக்கு எதிரே கதிரையில் ஏறி இருந்து, தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவன் நடக்கத் தொடங்கியது, ரேடியோவில் பாட்டுப் போனால் ஆடியது, அப்பா எங்கே என்று கேட்டால் சுவரில் இருந்த படத்தைக் காட்டியது. பிறகு காய்ச்சல். பிறகு அவளுடைய மடியில் அவன் தண்ணீர் கேட்டது.

அண்ணை அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணால் நீர் வழிந்துகொண்டிருந்தது, தலை அசையவில்லை. ம் என்ற சத்தமும் இல்லை. பிள்ளை இடையில் நிறுத்தி, கொஞ்சம் பார்த்துவிட்டு, மெல்லத் தாயின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நான் சொல்லுறது அப்பாக்குக் கேக்கேல்லையோ?"