தாளிக்காத பருப்பு

பூஜ்யம் போடச் சொன்னார்கள். போடமாட்டேன் என்றேன். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இந்த இவ்வளவுக்குள் ஒரு எட்டு மாதக் குழந்தையின் உயிர் மாட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் தாங்குவதில்லை.

நான் கும்மிடிப்பூண்டி பக்கத்தில் கிராம சுகாதார செவிலியர். ஜனங்களுக்கு நர்சம்மா, சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு சிஸ்டர். தொழிற்பேட்டையின் மதில் சுவரை ஒட்டியிருக்கும் ஒரு காலனி என் பொறுப்பு. அங்கே இருப்பவர்கள் ஒரு காலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர்கள் நட்ட வயலில் இப்போது இரும்பு உருக்காலை, இவர்களே அதற்குள் ஷிப்டுக்குப் போகிறார்கள். காலனியில் பாதி மாரியம்மன் கோயில் வீடுகள், பாதி சர்ச் வீடுகள். கொடியில் காயப்போட்ட துணியில் இரண்டு தரப்புக்கும் ஒரே கரித்தூள்தான் படியும்.

சனிக்கிழமைதோறும் நான் போனில் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அந்த வாரம் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு, எத்தனை பேருக்கு மஞ்சள் காமாலை, எத்தனை பேருக்குக் காய்ச்சலோடு உடம்பில் சிவப்புத் தடிப்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும். நாட்டின் எந்த மூலையில் தொற்றுநோய் தலைகாட்டினாலும் இந்தக் கட்டங்கள் வழியாக மேலே இருக்கிறவர்களின் திரையில் சிவப்புப் புள்ளி எரியும் என்று பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். மத்தியானம் பிரியாணியும் போட்டார்கள். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் புள்ளி எரிய வேண்டுமென்றால் யாராவது ஒருத்தி செருப்புத் தேயத் தெருவில் நடந்து அந்த எண்ணைக் கொண்டுவர வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த ஒருத்தி நான்.

அந்த வாரம் காலனியில் வேப்பிலை தொங்க ஆரம்பித்தது. அம்மை கண்ட பிள்ளையை எங்கள் ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள், ஊசி கூடாது. வாசலில் வேப்பிலைக் கொத்து கட்டுவார்கள். மீன் கிடையாது, கறி கிடையாது, தாளிப்பு கிடையாது. அடுப்பில் கடுகு வெடித்தால் பிள்ளையின் உடம்பிலும் வெடிக்கும் என்று நம்பிக்கை. பிள்ளைக்கு மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கிறவரை இப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதற்காகத் தொண்டை கிழியச் சண்டை போட்டிருக்கிறேன். பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. வேறு எந்த நோய்க்கு ஜனங்கள் தாங்களாகவே வாசலில் அறிவிப்பு மாட்டுகிறார்கள்?

அதனால் வேப்பிலையைப் பார்த்தே உள்ளே போனேன். பிள்ளைகளுக்குக் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, காதுக்குப் பின்னால் தொடங்கி உடம்பு முழுக்க மணலை வாரி இறைத்த மாதிரி தடிப்பு. மணல்வாரி என்று ஊரில் சொல்வது இதைத்தான். எங்கள் புத்தகத்தில் தட்டம்மை. ஏழு வாசலில் ஏழு கொத்து. ஏழு என்று நோட்டில் எழுதிக்கொண்டு மேலதிகாரியான டாக்டருக்குப் போன் செய்தேன். மோசமான மனிதர் இல்லை. ஆனால் மேலிடத்தில் யாராவது தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

“லேப் ரிசல்ட் இருக்காம்மா?” என்று கேட்டார்.

“இல்ல சார். சந்தேகம் இருந்தாலே போடணும்னுதானே சொல்லிக் குடுத்தீங்க?”

“அடுத்த வாரம் மேலேர்ந்து குழு வருது. தட்டம்மை இல்லாத வட்டாரம்னு நம்மளத்தான் காட்டப்போறாங்க. இந்த வாரம் ஜீரோ போட்டுடுங்க. அவங்க போனப்புறம் பாத்துக்கலாம்.”

“ஏழு புள்ளைங்களுக்கு வந்திருக்கு சார்.”

“எத வெச்சு சொல்றீங்க? வேப்பிலைய எண்ணியா?”

ஆமாம் என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை வைத்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று மத்தியானம் என் மனசு ஆடிப்போயிருந்தது. எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் பாக்கி. ஏழும் திடமான பிள்ளைகள், தேறிவிடுவார்கள், எதற்கு நமக்கு வம்பு என்று ஒரு யோசனை ஓடியது. அந்த யோசனையோடுதான் குழந்தைகளுக்கு எடை பார்க்கக் காலனிக்குப் போனேன்.

மூன்றாவது சந்தில் அந்த எட்டு மாதக் குழந்தை இருந்தது. பெண் குழந்தை. மாதம் நிறையாமல் உள்ளங்கை அளவில் பிறந்து, ஒரு மாதம் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு வந்தவள். ஒவ்வொரு நூறு கிராமுக்கும் நான் வாசலில் நின்று சத்தம் போட்டு ஏற்றிய எடை அது. தட்டம்மை ஊசிக்கு ஒன்பது மாதம் முடிந்திருக்க வேண்டும். இவளுக்கு இன்னும் முடியவில்லை. அந்த நுரையீரலுக்கு இந்த நோய் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முன்பு வேறொரு குழந்தைக்கு வந்து பார்த்திருக்கிறேன். இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அவளுடைய அம்மா பேக்கிங் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. காலை ஷிப்டுக்குப் போகும்போது குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போவாள். அது சர்ச் வீடு. அந்த வீட்டுக்காரிக்கு ஐந்து வயதில் ஒரு பையன் இருக்கிறான். கை நிறைய அன்பு வைத்திருப்பவள், வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டாள். வாசலில் வேப்பிலை இல்லை. அந்த வாரம் மூன்று தடவை அந்த வாசலைத் தாண்டிப் போயிருந்தேன்.

“சாப்ட்டுப் போ சிஸ்டர்,” என்று தட்டு வைத்தாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது.

சோறு, பருப்பு, தயிர். ஒரு வாய் வைத்ததும் என் கை நின்றுவிட்டது. பருப்பில் கடுகு இல்லை, பூண்டு இல்லை, ஒரு காய்ந்த மிளகாய்கூட இல்லை. பழவேற்காட்டு மீன்காரி தினமும் கூடையை இறக்கும் வீடு அது. குழம்பு வாசனை சந்து முனையிலேயே ஆளைப் பிடித்து இழுக்கும்.

“இன்னாம்மா, கடுகு தீந்துபூச்சா?” என்று கிண்டலாகத்தான் கேட்டேன்.

அவள் முகம் செத்துப்போனது. நான் தட்டை வைத்துவிட்டு எழுந்து உள் அறையின் திரையை விலக்கினேன். பாயில் பையன் படுத்திருந்தான். முகமெல்லாம் தடிப்பு. தலையணைக்கு அடியில் வேப்பிலை.

“சர்ச்சுல தெரிஞ்சா பேசுவாங்கோ சிஸ்டர். ஜெபம் பண்ணிக்கினுதான் கீறேன். வேப்பில சும்மா, கூட இருக்கட்டுமேன்னு.”

“எத்தினி நாளா?”

“முந்தாநேத்துலேர்ந்து.”

“இந்தக் கொழந்தயும் இங்கதான் கீதா?”

அவள் அழ ஆரம்பித்தாள். “இதோட அம்மாவாண்ட சொன்னா அவ வேலைக்குப் போவமாட்டா. நாலு நாள் லீவு போட்டா, நின்னுக்கோன்னு சொல்லிடுவான் அந்தக் காண்ட்ராக்டர். என்னால அவ பொழப்பு கெடலாமா? அதான் பையன உள்ளயே படுக்க வெச்சிக்கினு, கொழந்தய இங்க வெச்சிக்கினு கீறேன்.”

ஒரு திரைத்துணியை நம்பி இவ்வளவையும் செய்திருக்கிறாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. என் மேல்தான் வந்தது. வேப்பிலையை எண்ணுகிறேன் என்று டாக்டரிடம் மார்தட்டியவள், வேப்பிலையை ஒளித்துவைக்கிற வீடும் இருக்கும் என்று யோசிக்கவில்லை. இருபது வருஷமாக இதே தெருவில் நடக்கிறேன், வெட்கமாக இருந்தது.

அங்கிருந்து எல்லா சர்ச் வீடுகளிலும் ஏறி இறங்கினேன். யாரிடமும் காய்ச்சலைப் பற்றிக் கேட்கவில்லை. “இன்னா கொழம்பு?” என்று மட்டும் கேட்டேன். மூன்று வீட்டில் பதில் சொல்லாமல் விழித்தார்கள். மூன்று வீட்டிலும் உள்ளே பிள்ளை படுத்திருந்தது. ஏழு, பதினொன்று ஆனது.

சனிக்கிழமை காலை கட்டத்தில் பதினொன்று என்று போட்டேன். உறுதியா என்று போன் கேட்டது. டாக்டரைவிட மரியாதையாகவே கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். அரை மணி நேரத்தில் அவர் கூப்பிட்டார்.

“என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? உடனே மாத்துங்க.”

“மாத்தமாட்டேன் சார். எட்டு மாசக் கொழந்த ஒண்ணு நோய் வந்த ஊட்டுலயே வளருது. ஒம்போது முடியலன்னு என்னால ஊசி போட முடியாது. இங்க நோய் பரவுதுன்னு நீங்க அறிவிச்சாத்தான் ஆறு மாசத்துலேர்ந்து போடலாம். நான் பூஜ்யம் போட்டா நீங்க எத அறிவிப்பீங்க?”

“உங்க மேல ஆக்‌ஷன் எடுக்க வேண்டியிருக்கும்.”

“எடுங்க சார். மொதல்ல அந்தக் கொழந்தைக்கு ஊசி போடலாம், அப்புறமா எடுங்க.”

அதற்குள் மேலே புள்ளி எரிந்துவிட்டது. மாவட்டத்திலிருந்து அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் காலை அவரே வண்டியோடும் ஆட்களோடும் வந்து இறங்கினார். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் தெருவில் கதவுகள் சாத்திக்கொண்டன. உருக்காலையில் வேலை பார்க்கும் ஒரு தகப்பன் மட்டும் வாசலில் குறுக்கே நின்றான்.

“அம்மா வந்த ஊட்டாண்ட ஊசி எடுத்துக்கினு வராதீங்கோ. பேஜாராப் பூடும்.”

டாக்டர் போலீஸுக்குப் போன் செய்யட்டுமா என்று என்னிடம் கேட்டார். கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள் என்று சொல்லத்தான் வந்தது, “சும்மா இருங்க சார்” என்று குறைத்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் வைத்திருந்த மஞ்சள் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு அந்தத் தகப்பன் எதிரில் போய் நின்றேன்.

“அம்மா வந்த புள்ளைக்கு ஊசி கெடையாதுப்பா. தொண்டையில பஞ்சுக்குச்சியத் தொட்டு எடுப்பேன். கண்ணுக்கு ஒரு சிரப் குடுப்பேன். அவ்ளோதான். இன்னும் அம்மா வராத புள்ளைங்களுக்குத்தான் ஊசி. அதுக்கு இன்னா சொல்ற?”

அவன் உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தான். “அது செய்யலாம்,” என்று வழிவிட்டான். பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

மூன்றாவது சந்தில் டாக்டர் குழந்தையின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒன்பது முடியலையே,” என்றார். நான் நகரவில்லை. மாவட்டத்துக்குப் பேசுங்கள் சார் என்றேன். பேசினார். வெயிலில் நின்று வெகு நேரம் பேசினார். அனுமதி வந்தது. ஊசியை நானே போட்டேன்.

காண்ட்ராக்டருக்கும் நானே போன் போட்டேன். நோய் உன் கம்பெனிக்குள் வரட்டுமா, இல்லை அந்தப் பெண்ணுக்குப் பத்து நாள் லீவு தருகிறாயா என்று கேட்டேன். தந்தான்.

ஊசி போட்ட எட்டாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தது. ஊசியால் வந்த காய்ச்சலா, நோயே வந்துவிட்டதா என்று தெரியாமல் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஜெபத்தில் முழங்காலிலேயே கிடந்தாள். மூன்றாம் நாள் காலை காய்ச்சல் இறங்கியது. மூச்சு சீராக இருந்தது, தடிப்பு வரவே இல்லை. குழந்தையின் அம்மா அவளை என் மடியில் வைத்துவிட்டு, எனக்குக் காபி போட அடுப்படிக்குப் போனாள்.

குழுவும் வந்து போனது. எங்கள் கண்காணிப்பு பலமாக இருப்பதால் நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தோம் என்று டாக்டர் அவர்களிடம் சொன்னார். நான் கடைசி வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது. ஆய்வக முடிவு இல்லாமல் எந்த அடிப்படையில் பதினொன்று என்று பதிந்தீர்கள், மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும். நான் ஒரே வரியில் பதில் எழுதினேன். “பதினொரு வீட்டில் கடுகு வெடிக்கவில்லை, ஆகவே பதிந்தேன்.” கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. அந்தமுறை சர்ச் வீடுகளில்தான் தொடங்கினேன். வாசலைப் பார்க்கவில்லை, அடுப்படிக்கே போனேன். ஒவ்வொரு வீட்டிலும் கடுகு வெடித்தது. மூன்றாவது சந்தில் நெத்திலிக் குழம்பு, குழந்தை பக்கத்து வீட்டுக்காரியின் மடியில் உட்கார்ந்து தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து கட்டத்தில் பூஜ்யம் போட்டு அனுப்பினேன்.

டாக்டர் கூப்பிட்டார். “இந்த வாரம் ஜீரோ போட்டிருக்கீங்க. நிச்சயந்தானே?”

“நம்பலாம் சார். ஊடு ஊடா மோந்து பாத்துட்டுப் போட்டிருக்கேன்.”

இந்தமுறை அவர் சிரிக்கவில்லை.