அம்மா துண்டோடு பாத் போன கதை

நேற்று நியூஜெர்சியில், பிஸ்கட்டவே என்கிற ஊரில் இருக்கும் என் வீட்டில் பழைய வெந்நீர்த் தொட்டியைக் கழற்றினார்கள். அடியில் தேங்கிக் கிடந்த தண்ணீரைத் திறந்துவிட்டதும் சூடான இரும்பு வாசனை மாடி வரைக்கும் வந்தது. பிளம்பர் மூக்கைச் சுளித்தான். நான் அங்கேயே நின்றேன். இங்கிலாந்தில் பாத் என்று ஒரு பழைய ஊர், நீங்கள்கூடப் போயிருக்கலாம். அங்கே அடித்ததும் இதே வாசனைதான்.

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். ஓட்டலில் பாத்திரம் கழுவி ஆரம்பித்தவனுக்கு இன்று பக்கத்து ஊர் எடிசனில் இரண்டு மளிகைக் கடை. எம்.பி.ஏ. படித்தவன் என்னிடம் லீவு கேட்டு நிற்கிறான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான். இங்கிலீஷும் கல்லாவில் நின்று பேசிப் பேசியே வந்ததுதான். அதனால், லண்டனில் அப்போது வேலையாக இருந்த மகன் அன்வரைப் பார்க்கப் போனபோது, ஒரு நாள் பாத் போய் வரலாம் என்று அவன் சொன்னதும் எனக்கு மேற்கொண்டு யாரையும் கேட்கத் தோன்றவில்லை. பாத் என்றால் குளியல். இதில் கேட்க என்ன இருக்கிறது?

மனைவி ஜைனப்பிடம் சொன்னேன். "வெந்நீர் ஊத்து. எறங்கிக் குளிச்சா முட்டிவலி போயிடும். துண்டும் மாத்துத்துணியும் எடுத்துக்க."

அவளுக்கு அப்போதே படி ஏற முடியாது. தொழுகையும் நாற்காலியில்தான். பெண்களுக்குத் தனி இடம் இருக்குமா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள். எல்லாம் இருக்கும் என்றேன். ரயிலில் பையை மடியை விட்டு இறக்கவே இல்லை. வலி குறைந்தால் பழையபடி தரையில் நெற்றி வைத்துத் தொழலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஊரே தேன் நிறக் கல். ரோமாபுரிக்காரர்கள் கட்டிய குளம், பச்சைத் தண்ணீர், மேலே ஆவி. விவரம் சொல்ல, காதில் வைத்துக் கேட்கும் கருவி ஒன்று கொடுத்தார்கள். பாதி புரியவில்லை, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே நடந்தேன். ஜைனப் குளக்கரையில் நின்று துண்டை வெளியே எடுத்தாள். "பொம்பளைங்க எறங்குற பக்கம் எதுப்பா?" என்று அன்வரிடம் கேட்டாள்.

அவன் சிரித்த சிரிப்பில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அம்மா, இது மியூசியம். தண்ணியத் தொடவே கூடாது. குளிக்கலாம்னு யாரு சொன்னா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன். "பேரக் கேட்டதும் குளிக்கிற எடம்னு நெனச்சுட்டா. இவளுக்கு என்ன தெரியும்?"

துண்டை நிதானமாக மடித்தாள். "ஆமாப்பா, எனக்கு என்ன தெரியும்" என்றாள். தனியாக இருக்கும்போதாவது என்னைக் கேட்பாள் என்று நினைத்தேன். கடைசி வரைக்கும் கேட்கவில்லை.

பிறகு அன்வரும் நியூஜெர்சிக்கே வந்துவிட்டான். பெருநாள்தோறும், பிரியாணி சாப்பிட்டு உட்கார்ந்ததும், அம்மா துண்டோடு பாத் போன கதை வரும். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். நான் இரண்டு வரி சேர்த்துக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் அவள் மௌத்தாகிவிட்டாள். இந்தப் பெருநாளுக்கு அன்வர் அதைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் குரல் உடைந்து நிறுத்தினான். என்னால் தாங்க முடியவில்லை. "அப்படி நெனச்சது அவ இல்லடா. குளிக்கலாம்னு சொன்னது நாந்தான். துண்டு எடுக்கச் சொன்னதும் நாந்தான்" என்றேன்.

அவன் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். "இப்பக்கூட அம்மாவ விட்டுக்குடுக்க மாட்டேங்கிறீங்களே, அத்தா."

மருமகள் கண்ணைத் துடைத்தாள். நான் மறுபடியும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. அது நிஜம் என்று தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். இன்று இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.