கடைசி நாள் திங்கட்கிழமை

காலை ஐந்து மணி நாற்பது. கண் விழித்ததும் முதலில் தெரிந்தது டிவி மேல் இருந்த பச்சை நிற பிளாஸ்டிக் ஃபைல். முந்தின இரவு நான் அதை அங்கே வைத்தபோது மூலையில் குங்குமம் இல்லை. இப்போது இருந்தது. அம்மா எனக்கு முன்பே எழுந்துவிட்டாள்.

ஃபைலுக்குள் என் ப்ளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் அசலாக இருந்தன. அன்று திங்கட்கிழமை. உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். சேர அதுதான் கடைசி நாள் என்று அப்பா கணக்குச் சொல்லியிருந்தார். அங்கே போய்ச் சேர்வதா, அல்லது ஒரு வருடம் வீட்டில் இருந்து சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வை மறுபடி எழுதுவதா என்று நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. பல் துலக்கும்போது சேரலாம் என்று தோன்றியது. வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் வேண்டாம் என்று தோன்றியது.

திண்டுக்கல்லில் பிரௌசிங் சென்டர்கள் புதிதாக முளைத்திருந்த காலம் அது. பஸ் ஸ்டாண்டு அருகே மாடியில் இருந்த ஒன்றில்தான் முடிவைப் பார்த்தேன். வெளிமாநிலத்தில் இருந்த அந்தச் சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பு. மதுரையில் போட்டிருந்த மையத்தில் மே மாதம் தேர்வு எழுதியிருந்தேன். காத்திருப்போர் பட்டியலில் கடைசிப் பெயருக்கும் எனக்கும் இரண்டு மதிப்பெண் வித்தியாசம். சென்டர்க்காரர் பிரிண்ட் எடுக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இருபது மதிப்பெண்ணில் போயிருந்தால் அன்றே மறந்திருப்பேன். இரண்டு என்பது ஒருவரைத் தூங்கவிடாத எண்.

கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டே மறுபடி எழுதலாமே என்று பலர் கேட்டார்கள். முடியாது. சேர்ந்தால் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நடுவில் விலகினால் மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டிவிட்டு எடுத்துப் போ என்பார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பெண்ணுக்கு அப்படி நடந்திருந்தது. ஒன்றை எடுத்தால் மற்றது இல்லை.

எந்தக் கேள்விகளில் தவறினேன் என்பது எனக்குத் தெரியும். அதுதான் பயமே. தேர்வில் சட்டத் தர்க்கம் என்று ஒரு பகுதி உண்டு. ஒரு விதியைக் கொடுப்பார்கள், கீழே ஒரு சம்பவத்தைக் கொடுப்பார்கள். அந்த விதியை மட்டும் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். அனுமதி இல்லாமல் அடுத்தவர் நிலத்துக்குள் நுழைவது, காரணம் எதுவானாலும், அத்துமீறல். இது விதி. தப்பிப் போன ஆட்டைப் பிடிக்க ஒருவர் பக்கத்துத் தோட்டத்து வேலியைத் தாண்டுகிறார். இது சம்பவம். நான் அத்துமீறல் இல்லை என்று குறித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன்.

"சரியாத்தான போட்டிருக்க?" என்றார். "ஆடு பிடிக்கப் போனவன் மேல எவன் கேஸ் போடுவான்? ஸ்டேஷன்லயே பேசி அனுப்பிருவாங்க."

அப்பா வக்கீல் குமாஸ்தா. திண்டுக்கல் கோர்ட்டில் ஒரே வக்கீலிடம் இருபது வருடத்துக்கு மேலாக இருந்தார். எங்கள் வீட்டில் சோறு தின்னும்போதும் வழக்குப் பேச்சுதான். எந்தச் சண்டை எங்கே போய் முடியும் என்பதைப் பத்து வயதிலேயே ஓரளவு சொல்லிவிடுவேன். அந்த அறிவுதான் என்னைத் தேர்வில் கவிழ்த்தது. விதியைப் படித்ததும் மூளை விதியை விட்டுவிட்டுக் கோர்ட் வராந்தாவுக்குப் போய்விடுகிறது. அடுத்த மே மாதத்திலும் அதே மூளையோடுதான் போய் உட்கார வேண்டும்.

அப்பாவுக்குக் கோர்ட்டில் ஒரு பெயர் இருந்தது. காலக்கெடு எண்ணுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மேல்முறையீட்டுக்கு எத்தனையாவது நாள், நடுவில் கோர்ட் விடுமுறை வந்தால் எப்படி என்று மற்ற குமாஸ்தாக்கள் அவரைத்தான் கேட்பார்கள். எதையும் முன்கூட்டித் தாக்கல் செய்யமாட்டார். கடைசி நாளில் செய்வார். தவறவிட்டதில்லை. கடைசி நாள்வரை கட்சிக்காரன் மனசு மாறிக்கொண்டே இருக்கும், அதனால் அவசரப்படக் கூடாது என்பது அவர் வைத்திருந்த முறை.

கல்லூரியிலிருந்து சேர்க்கைக் கார்டு வந்தபோது விரல் விட்டு எண்ணினார். கார்டில் போட்ட தேதியிலிருந்து பத்து நாட்களுக்குள் சேர வேண்டும் என்று அதில் இருந்தது.

"வியாழக்கெழம தேதி போட்டிருக்கான். தேதி போட்ட நாளச் சேக்கக் கூடாது. வெள்ளி ஒண்ணு. அப்ப பத்தாவது நாள் ஞாயித்துக்கெழம வருது. கடைசி நாள் லீவுன்னா மறுநாள் வரைக்கும் செல்லும். திங்கக்கெழம காலையில போவோம் தாயி. அதுவரைக்கும் நல்லா யோசி."

அவர் எண்ணிக்கையை எங்கள் வீட்டில் யாரும் திருப்பி எண்ணியதில்லை.

யோசிக்கக் கொடுத்த நாட்களில் நான் ஒன்றையும் யோசிக்கவில்லை, பயந்துகொண்டு மட்டும் இருந்தேன். சோறு இறங்கவில்லை. தெருவில் கல்லூரிப் பெண்கள் போவதைப் பார்த்தால் சேர்ந்துவிடத் தோன்றும். உள்ளே வந்து வினாத்தாளைப் பார்த்தால் இந்த ஆட்டுக் கேள்வியை மட்டும் சரியாகப் போட்டிருந்தால் என்று தோன்றும்.

அம்மா கல்லூரிப் பக்கம். காரணத்தை மறைக்கவில்லை.

"காலேஜுக்குப் போற புள்ளைன்னு இருந்தா எவனும் வாயத் தொறக்க மாட்டான். வீட்டுல இருக்கான்னு தெரிஞ்சா வரிசையா வந்து ஜாதகம் கேப்பாங்க. ஒன் மாமன்தான் மொத ஆளா நிப்பான்."

மாமா, அம்மாவின் தம்பி, ஞாயிற்றுக்கிழமை வந்தார். கன்னிவாடிப் பக்கம் அவருக்குக் கத்தரியும் மல்லிகையும் போட்ட தோட்டம். சாக்குப் பையில் கத்தரிக்காயோடு நாகல் நகர் வீட்டுக்கு ஆட்டோவில் வந்து இறங்குவார். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகன் இருந்ததால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"என்ன மருமகளே, பரீட்சை ஊத்திக்கிச்சாமே?"

"ரெண்டு மார்க்குதான் மாமா."

"ரெண்டு மார்க்கு என்ன, ரெண்டு வெரக்கட தூரம் பஸ்ஸ விட்டாலும் விட்டதுதான." அவரே சிரித்துக்கொண்டார். "வக்கீலுக்குப் படிச்சவன்லாம் கோர்ட் வாசல்ல டீயக் குடிச்சிட்டு நிக்கான். அதுல போய் நிக்கிறதுக்கு நீ ரெண்டு தடவ பரீட்சை வேற எழுதணுமாக்கும்."

"நின்னா நிக்கட்டும். கடன் சொல்லாமக் குடிக்கிறாங்கல்ல," என்றார் அப்பா.

"மச்சான் விட்டுக்குடுக்க மாட்டாரே." மாமா என் பக்கம் திரும்பினார். "சரி, எழுது. மறுபடி ஊத்திக்கிச்சுன்னு வையி, அப்புறம் மாமன் சொன்னதத்தான் கேக்கணும்."

சொல்லிவிட்டுக் குழம்பை இன்னொரு கரண்டி கேட்டார். அம்மா ஊற்றவில்லை. கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை, வக்கீலிடம் கொஞ்ச நேரம் பிந்தி வருவதாகச் சொல்லிவிட்டு அப்பா என்னை ஆட்டோவில் கூட்டிப்போனார். ஃபைல் என் மடியில். பாதி வழியில் ஒரு பூட்டுக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் அடங்கியபோது சொன்னேன்.

"சேந்துர்றேம்ப்பா."

"நல்லா யோசிச்சியா?"

"ம்."

"அழுதுகிட்டுச் சொல்லாத."

"அழுகல."

அப்பா தலையசைத்தார். மறுபடி அந்த மதுரை வகுப்பறை இல்லை, மறுபடி ஆட்டுக் கேள்வி இல்லை, மாமாவின் நிபந்தனை இல்லை. எடுத்த முடிவு சரி என்று அந்த ஆட்டோவில் முழுமையாக நம்பினேன். பசிகூட எடுத்தது.

கல்லூரி அலுவலகத்தில் கூட்டம் இல்லை. அதைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மேசைக்குப் பின்னால் இருந்த கிளார்க் அம்மா கார்டை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"சனிக்கெழமையோட முடிஞ்சிருச்சே சார்."

"இல்லம்மா. பத்து நாள்னு போட்டிருக்கீங்க. இன்னைக்குத்தான் கடைசி."

"வியாழன்லருந்து எண்ணுங்க. சனி வருதுல்ல?"

"வியாழனச் சேக்கக் கூடாதும்மா. தேதி போட்ட நாள் கணக்குல வராது. ஞாயிறு லீவு. அதனால இன்னைக்கு."

அந்த அம்மா கோபப்படவில்லை. புரியாமல் பார்த்தார். "நாங்க எப்பவுமே தேதி போட்ட நாளயும் சேத்துத்தான் சார் எண்ணுவோம். நீங்க வரலன்னதும் அடுத்து இருந்த புள்ளையக் கூப்ட்டுக் குடுத்தாச்சு. எரியோடு ஊர்ப் புள்ள. காலையில ஆபீஸ் தொறக்க முன்னாடியே வந்து நின்னுட்டாங்க."

வராந்தா பெஞ்சில் அந்தப் பெண் அவளுடைய அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒரு பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவள் தலையில் பூ அதிகமாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சேர வந்தவள் என்று நினைத்திருப்பாள்.

அப்பா ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினார். வராந்தாச் சுவரில் தாளை வைத்து, நின்றபடியே எழுதினார். காலதாமதம் வேண்டுமென்றே நிகழ்ந்ததல்ல என்றும், அதை மன்னித்து மனுவை ஏற்றுக்கொள்ளுமாறும், தவறினால் மனுதாரருக்கு ஈடுசெய்ய இயலாத இழப்பு ஏற்படும் என்றும் எழுதினார். கீழே என் பெயரைப் போட்டு, கையெழுத்துப் போடச் சொன்னார். சுவரில் வைத்துப் போட்டதால் கையெழுத்து மதிப்பெண் சான்றிதழில் இருந்ததுபோல வரவில்லை.

கல்லூரி முதல்வர் பழனிப் பக்கத்துக்காரர். மனுவை முழுதாகப் படித்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க," என்றார். "ஆனா இது கோர்ட் இல்லைங்களே."

"வேற ஏதாவது சப்ஜெக்ட்லயாவது..."

"எல்லாம் நெறஞ்சிருச்சுங்க. அந்த எரியோட்டுப் புள்ளைய எந்திரிச்சுப் போன்னு என்னால சொல்ல முடியுமுங்களா? நீங்களே சொல்லுங்க."

அப்பா மனுவைத் திரும்ப வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து கேட் அருகே நின்றோம். அப்பா கட்டை விரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணினார். முடித்துவிட்டு இன்னொரு முறை எண்ணினார்.

"கோர்ட்டுல இது செல்லும்," என்றார்.

"தெரியும்ப்பா."

"எல்லாக் கோர்ட்டுலயும் செல்லும்."

ஆட்டோவில் அடங்கிய பயம் எல்லாம் திரும்பி வந்தது. அதுவரை இரண்டு பயங்களில் ஒன்றைப் பொறுக்கி எடுக்கும் நிலையில் இருந்தேன். இப்போது ஒன்றுதான் மிச்சம்.

"அப்ப எழுதுறியா?" என்றார் அப்பா.

"எழுதுறேன்."

"நீயா எழுதுறியா, எழுத வேண்டியதாப் போச்சா?"

அவர் கட்சிக்காரர்களிடம் கேட்கும் தொனியில் கேட்டார். முகம் மட்டும் அப்படி இல்லை. நான் ஆட்டோ வருகிறதா என்று சாலையைப் பார்த்தேன்.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். அப்பாவைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: "மாமாவுக்குத் தெரியுமா?"

அந்த வாரமே தெரிந்துவிட்டது. மாமா இந்த முறை அத்தையையும் கூட்டி வந்தார். அத்தை என் உயரத்தைக் கண்ணால் அளந்தாள். அம்மா, "பரீட்சைக்குப் படிக்கிறா, பேச்சுக் குடுக்காதீங்க," என்று என்னை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்குப் பின்னால் வைகாசியில் முகூர்த்தம் எத்தனை என்று பேசுவது கேட்டது. தேர்வுக்கு அடுத்து வரும் மாதம் அது.

கோர்ட் முடிந்து வந்ததும் அப்பா எனக்கு விதிக் கேள்விகளை வாசிப்பார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், நீளமான வாக்கியத்தில் மூச்சு வாங்கும். வாசித்துவிட்டு அவரும் விடை சொல்வார். பெரும்பாலும் தப்பாகச் சொல்வார். சரியான விடையைப் பின்பக்கத்தில் பார்த்ததும் கொதிப்பார்.

"இவன் கோர்ட் வாசல மிதிச்சிருக்க மாட்டான்த்தா. இப்படி ஒரு தீர்ப்ப எந்த ஜட்ஜ் குடுப்பாரு?"

"ஜட்ஜ விடுங்கப்பா. மேல என்ன விதி போட்டிருக்கு, அத மட்டும் பாருங்க."

"அத மட்டும் எப்படிப் பாக்க?"

கோடையில் எனக்கு மறுபடி சோறு இறங்காமல் போனது. தேர்வுக்கு முந்தைய வாரம், விதியைப் படித்தால் சம்பவம் மறந்தது, சம்பவத்தைப் படித்தால் விதி மறந்தது. தேர்வுக்கே போகவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் என் சுடிதாருக்கு இஸ்திரி போட்டாள்.

மே மாதம் மதுரைக்குப் போய்த் தேர்வு எழுதினேன். முதல் முறை வாங்கியதைவிட மூன்று மதிப்பெண் குறைவாக வாங்கினேன். அந்த வருடம் கட்-ஆஃப் அதற்கும் கீழே இறங்கியிருந்தது. இடம் கிடைத்தது.