கத்தக் கத்தச் செத்த வார்த்தை

எண்பதுகளில் எழுமலை ஊர்த் திருவிழா ஒன்றுக்கு மைக் செட் போட்டேன். ஆம்ப்ளிஃபயர் பெட்டியை நானே செய்திருந்தாலும், கூச்சத்தால் மைக்கில் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

ஒரு பெண் ஓடிவந்தார். "அண்ணே, மஞ்சக் கவுன் போட்ட எம்புள்ளையக் காணோம்! கம்மாத் தண்ணிப் பக்கம் போயிருச்சோ என்னமோ!" மைக்கைப் பிடுங்கிக் கதறினார். ஒலிபெருக்கியில் கரகரப்புதான் வந்தது. பதறிப்போய் வால்யூமைக் கூட்டினேன், இன்னும் மோசமானது.

"என்ன மாப்ள, பெட்டிக்குள்ள தவளையா வச்சிருக்க?" என்று யாரோ சிரித்தார்.

அப்போதுதான் உறைத்தது. மைக் ஒலியைப் பெரிதாக்கும் ஒப்-ஆம்ப் சிப், தனக்குக் கிடைக்கும் வோல்டேஜைத் தாண்டி எழும்பாது. நான் மாற்ற மறந்த பேட்டரி இறங்கிப்போயிருந்தது. அந்தக் குறைந்த வரம்பில் முட்டி, கதறல் சிதைந்துகொண்டிருந்தது.

வால்யூமைக் குறைத்தேன். அவர் கதறியபோது அப்போதும் சிதைந்தது; அவரால் மெதுவாகப் பேச முடியவில்லை. மைக்கை வாங்கி நானே மெதுவாகப் பேசினேன்: "மஞ்சக் கவுன் போட்ட புள்ளயக் காணோம்... கம்மாக்கரையில இருக்கவுக கொஞ்சம் பாருங்க."

கொஞ்ச நேரத்தில் ஒரு ஐஸ் வண்டிக்காரர் பிள்ளையைத் தூக்கி வந்தார். கவுன் இடுப்புவரை நனைந்திருந்தது.

தாய் என்னைக் கும்பிட்டார். நான் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றும் யாராவது மைக்கில் கதறினால், என் கை முதலில் வால்யூமைக் குறைக்கத்தான் போகிறது.