மாடிப்படியில் யாரும் விழவில்லை

வெள்ளவத்தையில் எங்களுடன் இருக்கும் மகள் மூன்று பிள்ளைகளின் தாய். நான்காவதைத் தாங்க முடியாதென்று, கொட்டாஞ்சேனையில் ஒருவர் ஒளித்து விற்ற கருக்கலைப்புக் குளிசைகளை, விளக்கம் கேட்க ஆளில்லாமல், விழுங்கிவிட்டாள். மதியத்துக்குள் நான்கு துவாய்கள் இரத்தத்தில் நனைந்தன. கருக்கலைப்பு இங்கே சட்டப்படி குற்றம். வைத்தியசாலைக்குப் போனால் பொலிஸ், போகாவிட்டால் உயிர் என்று நினைத்தபடியே அவளை ஓட்டோவில் ஏற்றினேன்.

"மாடிப்படியில விழுந்திட்டாய் எண்டு சொல்லுவம் பிள்ளை," என்றேன் வழியில்.

வைத்தியசாலையில் நம்பிவிட்டார்கள். உள்ளே அடிபட்டிருக்கும் என்று ஸ்கேன் வரிசையில் விட்டார்கள். ஐந்தாவது துவாயும் நனைந்தது. சொன்ன பொய்யைத் திருப்பி எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

"அப்பா, உங்கட படி என்னைக் கொல்லப்போகுது," என்ற மகள், அந்தப் பக்கம் வந்த வைத்தியரைக் கூப்பிட்டாள். "டொக்டர், நான் குளிசை போட்டனான்."

வைத்தியர் என்னைப் பார்த்தார். "பொலிஸ் வேலை எங்களுக்கில்லை ஐயா. முதலே சொல்லியிருந்தா இவ்வளவு ரத்தம் போயிராது. எத்தினை துவாய் நனைஞ்சது?"

"அஞ்சு."

அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மகள் பிழைத்துவிட்டாள். வாசல் மணி அடித்தால் பொலிஸோ என்று இன்னும் யன்னலால் எட்டிப் பார்க்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் வீட்டில் யாருக்கு வருத்தமென்றாலும், வைத்தியரிடம் அவர்களையே பேசவிட்டு நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன்.