சாமி பேரில் திறந்த கணினி

குடை பிடித்த சேவல் ஒன்றை வரைந்திருந்தேன். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, நடத்தும் அண்ணாச்சி ஒருவருக்காகக் கணினியில் போட்ட புது லேபிள் அது. அவர் வெளியிடுவதற்குள் அதே சேவல், அதே குடையோடு, வேறொருவரின் தீப்பெட்டியில் ஏறிக் கடைக்கு வந்துவிட்டது. குடையின் நிறத்தைக்கூட மாற்றவில்லை. திருட்டிலும் அப்படி ஒரு சோம்பேறித்தனம்.

யார் எடுத்தது என்று துப்பறிய ஒன்றுமில்லை. விளாத்திகுளத்தில் இருக்கும் பெரியப்பா மகன் அச்சகங்களுக்கு லேபிள் ஆர்டர் பிடித்துக் கொடுப்பவன். வீட்டுக்கு வந்திருந்தபோது, நான் மாடியில் துணி காயப்போட்ட நேரத்தில் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். போனில் கேட்டதற்கு, ஒரு கோழிப் படத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றான். அவனுக்குச் சேவலுக்கும் கோழிக்கும்கூட வித்தியாசம் தெரியவில்லை.

உள்ளே நுழைய அவனுக்கு மூளையே தேவைப்படவில்லை. எங்கள் பங்காளிகள் அத்தனை பேரின் போனுக்கும் கணினிக்கும் பாஸ்வேர்டு ஒன்றுதான், குலசாமியின் பெயர். பங்குனி உத்திரத்துக்கு ஒரே கோயிலில் பொங்கல் வைக்கிற எல்லோர் கையிலும் ஒரே சாவி. கணினி வாங்கிய அன்று பொட்டு வைத்து, சூடம் காட்டி, அம்மா சொன்ன அந்தப் பெயரைத்தான் நானும் போட்டிருந்தேன்.

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. "உங்க வீட்ல இருந்துதாம்மா வெளிய போயிருக்கு. இன்னொரு லேபிள் வேணும். அதுவும் போச்சுன்னா பெறகு உங்ககிட்ட வரமாட்டேன்" என்றார். அவர் சொன்னால் கேட்கும் மற்ற ஆபீஸ்காரர்களும் வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினேன். அடுப்பில் பால் பொங்கினாலும் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுந்தேன். பகலில் கதவைத் தாழ் போட்டாலே காரணம் கேட்கிற தெரு எங்களுடையது. கணினிக்குத் தாழ் போட்டதை வீட்டில் பொறுப்பார்களா? சாமி பேரை எடுத்துவிட்டேனே என்று அம்மாவுக்கு ஒரே பயம். சாமி காவல் இருந்தபோதுதானே சேவல் களவு போனது என்று கேட்டேன். அம்மா போய்க் கணினிக்கு இன்னொரு பொட்டு வைத்துவிட்டு வந்தார்.

புது லேபிளில் கண்ணாடி போட்ட ஆடு பாதி முடிந்திருந்தபோது பெரியப்பா மகன் மறுபடி வந்தான். கரிசல் புழுதி படிந்த கையோடு, கேட்காமலே என் நாற்காலியில் உட்கார்ந்தான். சாமி பேரைத் தட்டினான். திறக்கவில்லை. என்ன போட்டிருக்கிறாய் என்றான். சொல்லமாட்டேன் என்றேன்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார். "ஏட்டி, அண்ணன்தான கேக்கான். வீட்டுக்குள்ள என்னத்துக்குப் பூட்டு?"

"வெளி ஆளுக்கு இங்கன கம்ப்யூட்டர் இருக்கதே தெரியாதுப்பா. பூட்டு வீட்டு ஆளுக்குத்தான்."

அவன் சிரித்துக்கொண்டே, தானே கண்டுபிடித்துக்காட்டுவதாகச் சொன்னான். அப்பா பெயர், அம்மா பெயர், படத்தில் மாலையோடு இருக்கும் தாத்தா பெயர், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன என் தம்பி பெயர், தம்பி பிள்ளை பெயர் என்று வரிசையாகத் தட்டினான். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கணினியே சலித்துப்போய், பிறகு முயலச் சொல்லிவிட்டது. பெரிய கலெக்டர் ஆபீஸ் ரகசியம் என்று முனகிக்கொண்டே, போட்ட காப்பியைக் குடிக்காமல் கிளம்பினான். அதை நான் குடித்தேன்.

"எனக்குமா சொல்லமாட்ட?" என்றார் அப்பா.

"உங்களுக்கும்தான்."

ஆடு பத்திரமாகக் கடைக்கு வந்து சேர்ந்தது. அண்ணாச்சி அடுத்த லேபிளும் கொடுத்தார். ஆனாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை, அடக்கவும் போவதில்லை. என் கணினியைத் திறக்க, உயிரோடு இருக்கிறவர்கள் பெயர், செத்தவர்கள் பெயர் எல்லாம் போட்டுப் பார்த்தானே, என் பெயரைப் போட்டுப் பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை.